காற்றா குற்றவாளி?

"பலத்த காற்று வீசியது, அதனால் விபத்து நேர்ந்தது." மலைமேல் வடம் நழுவினாலும், நாற்காலி விழுந்தாலும், நிர்வாகங்கள் முதலில் எடுத்து நீட்டும் வாசகம் இதுதான். காற்றின்மேல் பழி போடுவது சுலபம். காற்றுக்கு வக்கீல் கிடையாது. அது கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப்போவதும் இல்லை.

நாம் சொல்ல வருவது பனிச்சறுக்கு மலைகளைப் பற்றி. காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடும் கனவான்களின் கவலை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சறுக்குகிறவர் யாராயிருந்தாலும், அவரை மலைமேல் ஏற்றிவிடும் யந்திரத்தை ஓட்டுகிறவன் கூலிக்காரன். பனிப்புயலில் தூணில் ஏறிக் கப்பியைச் சரி செய்கிறவன் தொழிலாளி. நாற்காலியிலிருந்து விழுகிறவர்களில் குழந்தைகளும் உண்டு. ஆகவே இது நம் விஷயம்தான்.

முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். மலையடிவாரத்தில் ஒரு பெரிய சக்கரம். உச்சியில் ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி முடிவில்லாமல் ஓடுகிறது ஓர் எஃகு வடம். இடையிடையே தூண்கள், தூண்களின்மேல் வரிசையாகக் கப்பிகள், அந்தக் கப்பிகளின் பள்ளத்தில் வடம் உருண்டு செல்கிறது. வடத்தைக் கவ்விக்கொண்டு நாற்காலிகள் தொங்குகின்றன. பழைய ஆலைகளில் ஷாப்டிலிருந்து பெல்ட் ஓடியதைப் பார்த்த தோழர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பெல்ட் நேராக ஓடினால் வேலை நடக்கும். கொஞ்சம் கோணினாலும் கப்பியை விட்டுக் கழன்றுவிடும்.

இப்போது காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றைவிடப் பக்கக் காற்றுதான் பொல்லாதது. அது நாற்காலியைத் தூணின் பக்கம் வீசி ஆட்டும். வடத்தையே கப்பியின் ஓரத்துக்குத் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. சீராக வீசும் காற்றைவிடத் திடீர் திடீரென்று மோதும் காற்றில் அபாயம் அதிகம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: ஆள் உட்கார்ந்த நாற்காலியைவிடக் காலி நாற்காலிதான் அதிகமாக ஆடும். தூற்றும்போது மணி காலடியில் விழுகிறது, பதர் பறக்கிறது அல்லவா? அதே கணக்குத்தான். மேலே ஏறும் பக்கம் ஆட்கள் நிறைந்திருக்கும். கீழே இறங்கும் பக்கம் பெரும்பாலும் காலி. ஏறுகிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும் நேரத்தில், மறுபக்கத்தில் ஆபத்து ஆடிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. தூண்களில் காற்றின் வேகம் காட்டும் கருவிகள் வைக்கிறார்கள். வடம் நழுவினால் அதைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கைகள் உண்டு. நழுவும் வடம் பட்டதும் ஒடிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு தண்டும் உண்டு. ஆனால் இன்ன வேகத்தில் நிறுத்து என்று எல்லா லிப்டுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. காற்று எந்தத் திசையில் வருகிறது, தூண் எவ்வளவு உயரம், நாற்காலி எவ்வளவு கனம், வண்டியில் எத்தனை பேர் என்பதை எல்லாம் பார்த்து மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் காலத்தோடு செய்ய வேண்டும். ஆட்களை ஏற்றிய பிறகு புயலில் நட்டநடுவே நிறுத்தினால், அவர்கள் உறைபனியில் ஆகாயத்தில் தொங்குவார்கள். ஏற்றுவதை முதலில் நிறுத்தி, ஏறியவர்களையெல்லாம் மெதுவாக இறக்கிவிட்டுப் பிறகு யந்திரத்தை மூடுவதே முறை.

ஸ்டாப் பொத்தான் தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் "இன்று திறப்பதில்லை" என்ற முடிவு யாருடைய கையில் இருக்கிறது? விவகாரமே இங்கேதான்!

அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் ஷுகர்லோப் என்ற மலை இருக்கிறது. 2010 டிசம்பர் 28 அன்று அங்கே நடந்ததைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை வாரம். பனிச்சறுக்கு முதலாளிகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். முந்தின நாள்வரை பனிப்புயல். அன்று காலையிலும் காற்று பலம். அங்கிருந்த ஒரு லிப்ட் 1975-ல் நிறுவப்பட்டது. 35 வருஷம் ஓடிய யந்திரம். அது காற்றுக்கு ஈடுகொடுக்காது என்பது நிர்வாகத்துக்கே தெரியும். மாற்ற வேண்டியவற்றின் திட்டத்தில் அது ஏற்கெனவே இடம் பெற்றிருந்தது. ஆனாலும் ஓட்டினார்கள். எட்டாவது தூணில் வடம் ஒழுங்காக ஓடவில்லை என்று இரண்டு மெக்கானிக்குகள் மேலே ஏறினார்கள். அவர்கள் அதைச் சரிப்படுத்த முயலும்போதே, நாற்காலிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, வடம் கப்பியை விட்டு நழுவியது. ஐந்து நாற்காலிகள் 25, 30 அடி கீழே விழுந்தன. எட்டுப் பேருக்குக் காயம். புதிதாகக் கொட்டியிருந்த பனி மெத்தை போலத் தாங்கியதால் உயிர்கள் தப்பின. மற்றவர்கள் குளிர்காற்றில் நெடுநேரம் தொங்கிக் கிடந்தார்கள். மீட்புப் படைத் தொழிலாளர்கள் அவர்களைக் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

மாநில அதிகாரிகள் விசாரித்தார்கள். காற்று ஒரு காரணம்தான். ஒரே காரணம் அல்ல என்று தெரிந்தது. தூணிலிருந்த கப்பிகளின் கோணல், பராமரிப்பு, யந்திரத்தை இயக்கிய முறை எல்லாம் சேர்ந்துதான் வடத்தைத் தள்ளின. அந்த மலை அப்போது புளோரிடாவிலிருந்த ஒரு சொத்து முதலீட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது மிச்சிகனைச் சேர்ந்த இன்னொரு கம்பெனி. பனி அரிதாகவே பெய்யும் புளோரிடாவில் உட்கார்ந்துகொண்டு பனிமலையில் வாரம் வாங்கினார்கள்! அடுத்த வருஷமே, 2011-ல், பழைய லிப்டைப் பெயர்த்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அந்தப் பணம் ஜனங்கள் விழுந்த பிறகுதான் கிடைத்தது.

அதே மலையில் 2015 மார்ச் 21 அன்று இன்னொரு லிப்டின் யந்திரம் பழுதாகி, நாற்காலிகள் பின்னோக்கி ஓடின. ஏழு பேருக்குக் காயம். அதில் காற்றுக்குப் பங்கில்லை. அவசர பிரேக்கைக் கையால் போட்டு நிறுத்தியவர் ஒரு தொழிலாளி.

இத்தாலியில் மொத்தரோனே மலைக் கேபிள் கார் 2021 மே 23-ல் விழுந்து 14 பேர் மாண்டார்கள். அங்கும் காற்றைக் குறை சொல்ல முடியவில்லை. இழுவை வடம் அறுந்தபோது பிடித்திருக்க வேண்டிய அவசர பிரேக்கை, அது அடிக்கடி விழுந்து ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று இடுக்கி மாட்டி முடக்கி வைத்திருந்தார்கள். ஓட்டம் நிற்கக்கூடாது என்ற ஒரே வெறி!

சர்க்கார் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காஷ்மீரத்தில் குல்மார்க் கேபிள் கார் சர்க்காரின் கார்ப்பொரேஷனுக்குச் சொந்தம். 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து வடத்தின்மேல் விழுந்தது. ஒரு பெட்டி கீழே விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நால்வர் டில்லியிலிருந்து வந்த ஒரே குடும்பம். மற்ற மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். சுற்றுலாக்காரர்களை நம்பிப் பிழைத்தவர்கள். மரத்தைச் சாய்த்தது காற்று, உண்மை. அந்தக் காற்றில் பெட்டியை ஓடவிட்டது யார்? சர்க்கார் சொத்து என்பதற்காக நாம் இந்தக் கேள்வியை விழுங்கிவிட முடியாது. நம் பழனி மலை ரோப் காரையும் காற்று பலமானால் நிறுத்துகிறார்கள். காத்து நிற்கும் பக்தர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். நிறுத்துவதே சரி.

நிறுத்துவது ஏன் கஷ்டமாகிறது? வாசலில் ஜனங்கள் டிக்கெட்டோடு நிற்கிறார்கள். லிப்ட் நின்றால் வசூல் நிற்கும், பேர் கெடும், அடுத்த வருஷச் சீட்டு விற்காது. மேலேயிருந்து "கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்" என்று உத்தரவு வருகிறது. எழுத்தில் அல்ல, வாயால்! லிப்ட் சிப்பந்திகளோ குளிர்காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுகிறவர்கள், மணிக்கணக்கில் கூலி. வேலை நின்றால் மணியும் நிற்கும். ஆக, அபாயத்தைக் கண்டு நிறுத்தச் சொல்கிறவன் முதலாளியின் லாபத்தை மட்டுமல்ல, தன் அன்றைய கூலியையும் சேர்த்து நிறுத்துகிறான். மழை நாளில் வரப்பில் குந்தியிருந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கொடுமையை நாம் விளக்க வேண்டுமா?

ஆனால் அங்கேயும் தொழிலாளிகள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற பெரிய பனிச்சறுக்கு மலையில், மீட்புப் படைத் தொழிலாளர் சுமார் 200 பேர் 2024 டிசம்பர் 27 அன்று வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். பனிச்சரிவைத் தடுப்பதும், அடிபட்டவனைத் தூக்கி வருவதும், நின்றுபோன லிப்டிலிருந்து ஆட்களைக் கயிற்றில் இறக்குவதும் இவர்கள் வேலை. ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலர், கேட்டது 23. அந்த மலையில் விடுமுறைக் காலத்தில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலருக்கு மேல்! உயிரைக் காப்பவன் ஏறக்குறைய இரண்டு நாள் பாடுபட்டால்தான் ஒரு டிக்கெட்டுக்குச் சரியாகும். முதலாளியின் அறுவடை வாரத்தையே தேர்ந்தெடுத்து அடித்தார்கள். மலையின் பெரும்பகுதி திறக்க முடியாமல் கிடந்தது. திறந்த லிப்டுகளின் முன்னே மணிக்கணக்கில் கியூ. இரண்டு வாரத்துக்குள் கம்பெனி இறங்கி வந்தது. 2025 ஜனவரி 8-ல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. கேட்ட இரண்டு டாலர் கிடைத்தது.

அதே மலையின் லிப்ட் மெக்கானிக்குகளும் 2022-லேயே ஓட்டுப் போட்டு சங்கம் கண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். கூலி உயர்வோடு இன்னும் இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்: காற்றுக்காக லிப்ட் நின்ற மணிகளுக்கும் முழுக் கூலி, தூணில் ஏறிப் பார்த்த மெக்கானிக் "கூடாது" என்று சொன்னால், அவர் கையெழுத்தில்லாமல் எந்த மானேஜரும் அன்று லிப்டைத் திறக்கக்கூடாது.