பழைய தையல் அப்படியே இருக்கட்டும்

சிகிச்சைக்குப் பிறகு அம்மா மெலிந்துவிட்டார். ரவிக்கைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானுக்குப் போனால் தைத்துவிடலாம். ஆனால், புதிதாக அளவு கொடுக்க அவருக்கு மனமில்லை. விடுமுறையில் பொழுதுபோக்காகத் தைக்கும் நானே உட்கார்ந்தேன்.

உள்பக்கம் வெளியே தெரியும்படி அம்மாவுக்கு ரவிக்கையைப் போட்டுவிட்டு, இரு பக்கமும் குண்டூசி குத்தினேன். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பிடித்தால் சுற்றளவில் 2 அங்குலம் குறையும். இந்தக் கணக்கை மறந்து, முதல் ரவிக்கையை மூச்சுமுட்டத் தைத்துத் தொலைத்தேன்! தோள் தொங்கினால் மட்டும் தொடாதீர்கள். கையைப் பிரித்து மாட்டுவது பெரிய வேலை.

பட்டுக்கு 11ஆம் எண் ஊசி. பிரிக்க வசதியாக நீளத் தையல்.

"மிச்சத் துணியை வெட்டலையா?" என்றார் அம்மா.

"தீபாவளிக்குள்ள உடம்பு தேறிடும்மா. அப்போ என் தையலைப் பிரிச்சா போதும்."