ஆஸ்பத்திரி வரிசையும் மாதச் சீட்டும்



பொது மருத்துவமனையில் வைத்தியர் நம்மைப் பார்ப்பது சில நிமிஷங்களே. அதற்குக் காத்திருப்பதோ அரை நாள். மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று பிழைக்கும் தங்கவயல் குடும்பங்களுக்கு அரை நாள் என்பது ஒரு நாட்கூலியே. ஆகவே இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகின்றனர். அது அறியாமையன்று, வீட்டுக் கணக்கு.

டிக்கட் சன்னலுக்கு உட்புறம் அமர்ந்து பிழைப்பவர் நாம். வரிசையின் இயல்பு சிறிது தெரியும். நாள்தோறும் பிரயாணம் செய்வோர் யாவரும் நாள்தோறும் சீட்டுக்கு நின்றால், வண்டி போன பின்னும் வரிசை தீராது. மாதச் சீட்டு என ஒன்று இருப்பதனாலேயே புதிய பிரயாணிக்குச் சன்னல் கிட்டுகிறது. மருத்துவமனையிலும் மாதந்தோறும் அதே இரத்த அழுத்த மாத்திரைக்கும் நீரிழிவு மாத்திரைக்கும் நிற்போரை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கும் ஒரு மாதச் சீட்டு வேண்டாமா?

தமிழ்நாட்டில் அதற்கு வழி பிறந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்று, இத்தகையோருக்கு வீட்டு வாயிலிலேயே மாத்திரை வழங்கலாயிற்று. கர்நாடக அரசின் 'கிருஹ ஆரோக்ய' திட்டமோ, 2024 அக்டோபரில் முதன்முதலாக நம் கோலார் மாவட்டத்திலேயே தொடங்கிற்று. முப்பது வயது கடந்தோரை வீடு தேடி வந்து பரிசோதிப்பது அதன் நோக்கம். 2025-இல் அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. நம் வாயிலில் தொடங்கிய காரியத்தை நம் லைன் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்?

வரிசை குறைந்தால் யாருக்கு நன்மை? சுரங்கத்தில் இறங்கிய முதியவருக்கு. 1947-இல் காப்லன், பர்டன் என்னும் இருவர் இங்குள்ள தொழிலாளரை ஆராய்ந்து, நூற்றுக்கு நாற்பதின்மேல் சிலிகோசிஸ் என்னும் கல்தூசு நோய் இருக்கக் கண்டனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நுரையீரலில் படிந்த தூசு மட்டும் அகலவில்லை. வேலை நின்ற பின்னரும் அந்நோய் முற்றக்கூடும். காசநோயும் எளிதில் தொற்றும். அவருக்கு வீடு தேடி வரும் மாத்திரை போதாது. எக்ஸ்ரே வேண்டும், சளிப் பரிசோதனை வேண்டும், 'எத்தனை ஆண்டு நிலத்தடியில் இருந்தீர், பெரியவரே? பாறை துளைத்தீரா, வண்டி தள்ளினீரா?' என்று பொறுமையாய்க் கேட்கும் வைத்தியரும் வேண்டும். பின்னால் ஐம்பது பேர் நிற்கையில் எந்த வைத்தியர் அதைக் கேட்பார்? அவரைக் குறைகூறிப் பயனில்லை.

சங்கத்து இளைஞர்கள் தத்தம் லைனில் ஆஷா ஊழியரைக் கண்டு, மாத்திரை உண்ணும் முதியோர் பெயர்களைப் பதியச் செய்யலாம். கன்னடச் சீட்டைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். நம் பெரியவர்களிற் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. சுரங்க வேலை செய்தவரை அழைத்துச் செல்வோர், அவருடைய பழைய எக்ஸ்ரே படத்தையும் வேலைச் சான்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஷாப்டில், எத்தனை ஆண்டு என்பதை ஒரு தாளில் முன்னரே எழுதி வைத்து, அதை முதலில் வைத்தியர் கையிற் கொடுங்கள்.