காய்ச்சுவது எதை?

வீட்டில் பீர் தயாரிக்க அனுமதித்தால் ஜனங்கள் விஷம் குடித்துச் சாவார்கள் என்று ஒரு வாதம் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். செங்கற்பட்டு ஜில்லாவில் 2023 மே மாதம் நடந்ததைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசலாமா என்று என்னை மடக்குகிறார்கள். அதைப் பார்த்ததனால்தான் பேசுகிறேன்.

அந்த மே மாதம் சித்தாமூர்ப் பக்கத்திலும், மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் வரும் மரக்காணத்திலுமாக 20-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது எவரும் வீட்டில் புளிக்கவைத்த பானம் அல்ல. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெதனால். பரிசோதனைக்குப் பிறகு போலீஸே அப்படித்தான் சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதும் அதே மெதனால்தான். ஆலை ரசாயனம் செய்த கொலைக்குப் பார்லியின் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

குழப்பத்துக்கு நம் பாஷையும் கொஞ்சம் காரணம். கள் இறக்குகிறோம், சாராயம் காய்ச்சுகிறோம். பீருக்கென்று தனி வினை நம்மிடம் இல்லை. அதையும் காய்ச்சுகிற கணக்கில் சேர்த்துவிட்டோம். சாராயத்தில் ஊறல் புளித்த பிறகு அடுப்பேற்றி ஆவியைப் பிடிக்கிறார்கள். பீரிலோ புளிப்பதற்கு முன்பே அடுப்பு வேலை முடிந்துவிடும். முளைகட்டிய பார்லியின் இனிப்பு நீரைத் தேன் பதத்துக்குச் சுண்டவைத்தது மால்ட் சாறு. 20 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைக் கொதி வந்ததும் போட்டால் கசப்பு. இறக்கும் தறுவாயில் போட்டால் வாசனை. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் பேல் ஏல். போதை நூற்றுக்கு ஐந்து பங்கு. புட்டியில் அடைக்கும்போது துளி சர்க்கரை, நுரைக்காக. ஆளைக் கொல்லும் மெதனால் இதில் உண்டாக வழியே இல்லை. பாத்திரம் அசுத்தமாக இருந்தால் பீர் கெடும், கீழே கொட்டுவீர்கள், அவ்வளவுதான். உண்மையான சத்துரு நம் கத்திரி வெயில். 20 டிகிரியில் அடக்கமாக வேலை செய்கிற ஈஸ்ட் 38 டிகிரியில் கண்டபடி ஆட்டம் போடும். பானைக்கு ஈரச் சாக்கு சுற்றலாம். செங்கற்பட்டில் ஓரளவு பலிக்கும், மாமல்லபுரத்து ஈரக் காற்றில் அந்த வித்தை எடுபடாது.

இந்தப் பீருக்கு இந்தியா என்றே ஒரு பெயர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் பீர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் நம் நாட்டுக்கு வந்தது. கெடாமல் காக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். பின்னால் அந்த ரகம் இந்தியா பேல் ஏல் ஆயிற்று. மாமல்லபுரத்து விடுதியில் பீரைக் காசு கொடுத்துக் குடிக்கலாம். அதையே உங்கள் சமையலறையில் செய்தால் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

குடி நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ராஜாஜி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது குடியே கூடாது என்றார். அதில் ஒரு நேர்மை இருந்தது. அதோடு சண்டை போட எனக்கு மனம் வராது. இன்றைக்கோ 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக்கே கடை திறந்து, 42.8 சதவீதம் ஏறின சரக்கை விற்கிறது. ஐந்து சதவீதத்தைச் சொந்தக் கையால் செய்தால் மட்டும் தர்மம் கெட்டுப் போகிறதாம்! 1987 முதல் கள்ளுக்கும் தடை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதில் ஏறுகிறவன் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், அவன் யோக்கியன். தடவாவிட்டால் கள், அவன் குற்றவாளி.

சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்று பிரிட்டன் 1963-லேயே விட்டுவிட்டது. கேரளத்தில் கள்ளுக்கடை நடக்கிறது. நாமும் வீட்டுக்கு இத்தனை லிட்டர், விற்கக் கூடாது என்று ஒரு வரம்பு கட்டி அனுமதிக்கலாம். மால்ட் டப்பா வாங்கக் கூடியவனா சித்தாமூரில் செத்தான் என்று கேட்பீர்கள். இல்லைதான். அவனுக்கு எட்டக்கூடியது பனைமரம். முதலில் அதைத் திறந்துவிடுங்கள். என் பார்லி வரிசையில் பின்னால் நிற்கட்டும்.