பொதுமக்களின் வானலையும் மோட்டார் வாகனச் சந்தையும்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் புதியதொரு வாடிக்கையாளரைத் தேடிப் புறப்பட்டிருக்கின்றன. அந்த வாடிக்கையாளர் செய்தி பார்ப்பதில்லை, நாடகம் பார்ப்பதில்லை, வாக்களிப்பதும் இல்லை. வீதியில் ஓடும் மோட்டார் வாகனமே அது.

2025 ஜனவரியில் ஸ்கிரிப்ஸ், கிரே, நெக்ஸ்டார், சின்கிளெயர் என்னும் நான்கு பெரும் ஒளிபரப்பு நிறுவனங்கள் கூட்டாக எட்ஜ்பீம் வயர்லெஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ஏ.டி.எஸ்.சி. 3.0 என்னும் புதிய ஒளிபரப்பு முறையின் வழியே தரவுகளை விநியோகிப்பதே அதன் வியாபாரம். வாகனங்களுக்கான மென்பொருட்கள், வரைபடங்கள், செய்மதி வழிகாட்டலின் பிழைகளைத் திருத்தும் தகவல்கள் என்பன அத்தகைய விநியோகத்தின் சரக்குகள்.

தொழில்நுட்பத்தில் நான் குறை காணவில்லை. ஒரு கிகாபைட் அளவுள்ள மென்பொருளை ஒரு இலட்சம் வாகனங்களுக்குக் கைத்தொலைபேசி வலையமைப்பினூடாக அனுப்பினால், அதே சரக்கை ஒரு இலட்சம் தடவை சுமக்க வேண்டும். ஒளிபரப்புக் கோபுரமோ, விநாடிக்குப் பத்து மெகாபிட் வேகத்தில், ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்களில் அதை ஒரே தடவையில் அனைவருக்கும் அனுப்பிவிடும். அணைத்து வைக்கப்பட்டிருந்த வாகனங்களுக்காகச் சில தடவைகள் திரும்ப அனுப்பினாலும் இலாபமே. ஓடும் வாகனத்தில் பழைய டிஜிட்டல் முறை தடுமாறியது. புதிய முறை தடுமாறாமல் இயங்கும்.

கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. இந்த வானலை யாருடையது? ஒளிபரப்பு அனுமதிப்பத்திரம் பொதுநலனுக்காக வழங்கப்பட்டது. டிஜிட்டலுக்கு மாறுவதற்கென 1990களின் பிற்பகுதியில் நிலையங்களுக்கு இரண்டாவது அலைவரிசையும் ஏலமின்றி, விலையின்றிக் கடனாகக் கொடுக்கப்பட்டது. 2017இல் முடிவுற்ற ஏலத்தில், தம் அலைவரிசைகளைத் துறந்த நிலையங்கள் சுமார் 1,000 கோடி டொலரைப் பெற்றன. கைத்தொலைபேசி நிறுவனங்கள் அதே அலைக்கற்றைக்குக் கோடிகளைக் கொட்ட வேண்டியிருந்தது. தரவு வியாபாரத்திற்கு ஒளிபரப்பாளர் செலுத்தவேண்டிய கட்டணமோ, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து விதிக்கப்பட்டபடி, மொத்த வருமானத்தில் 5 வீதம் மட்டுமே. "நிலையங்களை நாங்கள் விலைகொடுத்தே வாங்கினோம்" என்று அவர்கள் வாதிடலாம். அந்த விலை முந்தைய முதலாளிக்குப் போனது. பொதுமக்களின் கைக்கு வரவில்லை.

ஓர் அலைவரிசையின் அகலம் ஆறு மெகாஹேர்ட்ஸ். வாகனத்திற்கு ஒதுக்கும் ஒவ்வொரு பங்கும் படத்திலிருந்து குறையும் பங்குதான். இலவசமாகச் சாதாரணத் தரத்தில் ஒரேயொரு நிகழ்ச்சி வரிசையை அனுப்பினாலே போதும் என்கிறது விதி. எஞ்சியதை விற்கத் தடையில்லை.

இந்தக் கொள்ளளவைப் பெருக்கவே பழைய முறையை அணைக்கும்படி ஒளிபரப்பாளர் அவசரப்படுத்துகின்றனர். 55 பெரிய சந்தைகளில் 2028 பெப்ரவரியிலும் ஏனையவற்றில் 2030 பெப்ரவரியிலும் அதனை நிறுத்தவேண்டும் என அவர்களது தேசிய சங்கம் 2025இல் கோரியது. அவ்வாண்டு ஒக்டோபரில், எப்.சி.சி. எனப்படும் தொடர்பாடல் ஆணைக்குழு அந்த முடிவை நிலையங்களிடமே விட்டுவிடலாம் என முன்மொழிந்தது. அன்டெனாவை நம்பியிருக்கும் முதியவரும் ஏழைக் குடும்பமும் புதிய பெட்டி வாங்கவேண்டும். 2009இல் பழைய அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டொலர் பெறுமதியான கூப்பன்களை அரசாங்கம் வழங்கியது. இம்முறை மாற்றத்தால் இலாபம் காணப்போகிறவர்களே அச்செலவை ஏற்கவேண்டாமா?

இன்னுமொன்று. ஒளிபரப்பின் பெருமையே, கேட்பவர் யாரென்று கோபுரத்திற்குத் தெரியாது என்பதுதான். யாரும் பார்க்கலாம், எவருக்கும் பெயர் சொல்லவேண்டியதில்லை. "இலக்கு வைத்த தரவு" என்ற சொல் வந்ததும் அந்தச் சுதந்திரம் ஆட்டங்காணுகிறது. கோபுரம் எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பும். தனக்குரியதை வாகனம் தன் அடையாளத்தையும் இரகசியத் திறவுகோலையும் கொண்டு பிரித்தெடுக்கும். கிடைத்ததென்ற செய்தி கைத்தொலைபேசி வலையமைப்பு வழியே திரும்பிச் செல்லும். அதனுடன் வேறெவை செல்லும்? ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், சாரதிகளின் தகுந்த சம்மதமின்றி, சில வேளைகளில் மூன்று விநாடிக்கு ஒரு தடவை அவர்களது இருப்பிடத்தைச் சேகரித்தது என்றும், ஓட்டும் பழக்கங்களை விற்றது என்றும் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. அத்தகவல்கள் காப்புறுதிக் கட்டணத்தை நிர்ணயிக்கவும் பயன்பட்டன. இத்தகையோர் கையிலேயே வானலையின் திறவுகோலும் சேரப்போகிறது.

ஆகவே, வாகனங்களுக்குத் தரவு அனுப்பட்டும், நிபந்தனைகளோடு அனுப்பட்டும். அலைவரிசையில் எத்தனை பங்கை விற்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். 5 வீதக் கட்டணம் சந்தை விலைக்கு ஏற்ப உயரவேண்டும். மலிவான பெட்டி மக்கள் கைக்கு வரும்வரை பழைய ஒளிபரப்பை அணைக்கலாகாது. தெரிவு வாகனத்துக்குள்ளேயே நடைபெறட்டும்; அதன் பதிவு வெளியே போகக்கூடாது. அவசர எச்சரிக்கைகள் எந்தப் பூட்டுமின்றி எல்லாப் பெட்டிக்கும் கிட்டவேண்டும்.

இவற்றை ஏற்க மறுப்பவர்கள் ஒளிபரப்பாளர் என்ற பெயரை விட்டுவிட்டு, ஏனையோரைப் போல ஏலத்துக்கு வந்து அலைக்கற்றையை வாங்கட்டும்.