கம்பி தாங்கும், கூரை தாங்குமா?

கார்த்திகை பிறந்தால் சபரிமலைப் பயணம், பங்குனி கழிந்தால் கோடை விடுமுறை. கார் ஆக்சசரீஸ் கடைகளில் மேல் கேரியர் ஓடும் பருவங்கள் இவைதான். இப்போது சைக்கிள்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கொல்லிமலையிலோ மிதிக்கப் போகிறவர், விலை உயர்ந்த சைக்கிளைக் காரின் தலைமேல் ஏற்றித் தரச் சொல்கிறார். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இந்தக் கம்பி எவ்வளவு வெயிட் தாங்கும்?" நாமும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து 75 கிலோ என்கிறோம். பெட்டியில் இருப்பது கம்பியின் கணக்கு. கூரையின் கணக்கு காரின் கையேட்டில் இருக்கிறது. டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கும் ஃபிட்டர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் விற்கும் சிறிய கார்கள் சிலவற்றில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 50 கிலோ. அலுமினியக் குறுக்குக் கம்பி ஒரு ஜோடி சுமார் 6 கிலோ. சைக்கிள் நிற்கும் தட்டு ஒன்று நாலரைக் கிலோ என்றால் இரண்டுக்கு 9. தலா 14 கிலோவில் இரண்டு மலைச் சைக்கிள் 28. ஆக 43 கிலோ. மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை. சைக்கிள்களுக்கு நடுவே ஒரு பையைச் செருகலாம் என்றால் அதற்கும் 7 கிலோதான் மிச்சம். இதே கூரையில் பட்டறையில் வெல்டிங் வைத்த 20 கிலோ இரும்புக் கேரியரைப் போட்டால், சுமைக்கென்று மிஞ்சுவது 30 கிலோ. இரண்டு பெரிய சூட்கேஸில் அது தீர்ந்துவிடும். கம்பி, தட்டு, கூரை, சைக்கிள் பிடிப்பான் ஆகியவற்றில் எதன் வரம்பு குறைவோ அதுவே முழு அமைப்பின் வரம்பு. வண்டி நிற்கும்போது அதிக எடை தாங்குவதைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நின்றுகொண்டிருக்காது.

இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காரணம் புரிகிறது. அம்பாசடர், பத்மினி, ஆம்னி காலத்தில் கூரையின் இரு ஓரமும் மழைநீர்க் காடி ஓடியது. மடித்த தகடு, நான்கு காலையும் அதில் கவ்வ வைத்து நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. ஸ்வீடனின் தூலே 1962-ல் தன் முதல் கேரியரை விற்றதும் அப்படிப்பட்ட கார்களுக்குத்தான். அந்தக் காடி போய்விட்டது. இன்று ஒரு காரில் உயர்ந்து நிற்கும் ரெயில், இன்னொன்றில் கூரையோடு ஒட்டிய ரெயில், வேறொன்றில் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகுத் துளை. எதுவுமே இல்லாத மொட்டைக் கூரை என்றால் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கிளாம்ப். இந்தக் கடைசி வகைக்கு அந்தந்த மாடலுக்கென்றே வளைத்த கிட் வேண்டும். பக்கத்து மாடலின் கிட்டைத் தட்டி நெளித்து மாட்டினால் பெயிண்ட் உரியும், பீடிங் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். வேகமாகப் போகையில் எதிர்க்காற்று தூக்கினால் கம்பியே கழன்றுவிடலாம்.

இவற்றையெல்லாம்விட மோசமானது அழகு ரெயில். கம்பீரமாகத் தெரியட்டும் என்று ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் அது. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரும் கார்களும் உண்டு, வெளியில் டேப் வைத்து ஒட்டியவையும் உண்டு. தட்டிப் பார்த்தோ ஆட்டிப் பார்த்தோ தீர்மானிக்க முடியாது. உலோகமாகவே இருந்தாலும் சுமை ஏற்றக் கூடாது என்று கையேடு சொன்னால் அங்கே கம்பி மாட்டக் கூடாது. அடுத்த கடைக்காரர் மாட்டித் தருவார் என்று வாடிக்கையாளர் கிளம்பினால் கிளம்பட்டும். இதில் இந்த இதழுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கூரையில் துளை போடுவதும் அப்படித்தான். துளையில் துரு பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரையின் ஓரத்துச் சட்டத்துக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை டிரில் மெஷினைக் கையில் எடுக்கிறவர் நினைப்பதில்லை.

சைக்கிளுக்கு வருவோம். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பிடிக்கும் வகை தாழ்வாக நிற்கும், ஆட்டம் குறைவு. ஆனால் அச்சு வகைக்கேற்ற அடாப்டர் வேண்டும். சட்டத்தைக் கவ்வும் வகை வசதியானது. கார்பன் சட்டத்துக்கு அது ஆபத்து, இறுக்கினால் விரிசல் விடும். பேட்டரி சைக்கிள் 20 முதல் 25 கிலோ வரும். கூரைத் தட்டுகளில் பெரும்பாலானவை 15 அல்லது 20 கிலோவோடு நின்றுவிடுவதால் அதை மேலே ஏற்றவே வேண்டாம். ஒருவர் ஒரு சைக்கிளோடு போகிறவர் என்றால், பின்சீட்டை மடித்து, சக்கரத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அன்றைய வியாபாரம் போகும், ஆள் திரும்பி வருவார்.

டிக்கி இல்லாமல் தவிக்கும் குடும்பங்களின் நிலை வேறு. எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர். சிஎன்ஜி கார்களில் சிலிண்டர் இடத்தை விழுங்கிவிடுகிறது. இவர்களுக்கு மேல் கேரியர் உண்மையான தேவை. கனமானதைக் கீழே வைத்து, துணிமணி போன்ற லேசானதை மேலே ஏற்றச் சொல்லுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு தார்பாய் படபடக்காமல் இருக்க மட்டுமே உதவும். சுமையை ராட்செட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும், முன்புறம் நகராதபடி தனியாக ஒரு கட்டும் வேண்டும். அழுத்தி பிரேக் போட்டால் 40 கிலோ சுமை முப்பது கிலோவுக்கு மேல் விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய்.

சதுரக் கம்பி விசிலடிக்கும், இறக்கை வடிவக் கம்பியில் சத்தம் குறைவு. விலை வித்தியாசம் பெரும்பாலும் அதற்குத்தான். வாங்கும்போது ஐஎஸ்ஓ 11154 தரத்தில் சோதித்ததா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். மழுப்பினால் அந்தச் சரக்கு வேண்டாம்.

இந்தப் பருவத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பில்லோடு ஒரு சீட்டும் கொடுங்கள். அந்தக் காரின் கூரை வரம்பு, மாட்டிய கம்பியின் எடை, மீதி ஏற்றக்கூடிய கிலோ, கம்பியோடும் சைக்கிளோடும் வண்டியின் மொத்த உயரம் ஆகியவற்றை அதில் உங்கள் கையால் எழுதுங்கள். அடித்தளப் பார்க்கிங்கின் வாசலில் அந்த உயரம் அவருக்குத் தேவைப்படும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.