ஊசி பழகிடுச்சு, கேள்விதான் பழகல

வெள்ளிக்கிழமை அன்னதானத்துல பரிமாறுற ஆள்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன மாசம் ஒரு பையன், ஒன்பது பத்து வயசு இருக்கும். சர்க்கரைப் பொங்கல் வெச்சப்ப "வேணாம் அங்கிள்"னான். "சாமி பிரசாதம்யா, வேணாம்னு சொல்லக் கூடாது"ன்னு வெச்சுட்டேன். அப்புறம்தான் அவங்கம்மா இன்சுலின் ஊசியை வெளிய எடுத்தாங்க. பக்கத்துல ஒருத்தர், "இந்த வயசுலயே இனிப்பு நீரா? ரொம்ப மிட்டாய் வாங்கிக் கொடுத்தியா?"ன்னாங்க. இன்னொருத்தர், "எந்த ஜென்மத்துப் பாவமோ." பையன் தலையைக் குனிஞ்சவன் நிமிரவே இல்லை.

நான் மன்னிப்பு கேட்டேன். அந்த அம்மா சொன்னாங்க: "ஊசி போடுறது பழகிடுச்சு அண்ணே. கோயில்ல பதில் சொல்றதுதான் பழகல." அதுக்கப்புறம் அவங்க வரவே இல்லை.

அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இது டைப் 1 நீரிழிவு. மிட்டாயால வர்றதில்லை, பெத்தவங்க தப்பும் இல்லை. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்களை அழிச்சிடுது. 1922-ல டொரோண்டோவுல 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளைங்களைக் காப்பாத்த வழியே கிடையாது. இன்னைக்கும் ஊசியை நிறுத்தினா சில நாள்ல உயிருக்கே ஆபத்து. அதனால வேண்டுதல் வைங்க, விரதம் இருங்க. மருந்தை நிறுத்துன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க.

தினமும் பல தடவை ரத்தம் பார்க்கணும், ஊசி போடணும். ராத்திரி சர்க்கரை இறங்கிடுமோன்னு தாய்க்குத் தூக்கம் கிடையாது. மனசுக்கும் கவனிப்பு வேணும், அதுவும் சிகிச்சைதான்னு மருத்துவ வழிகாட்டிகளே சொல்லுது. அரசாங்க ஆஸ்பத்திரியில மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கு, கேட்டுப் பாருங்க. மனசு தாங்கலைன்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555-க்குக் கூப்பிடலாம். அதுல வெட்கம் ஒன்னும் இல்லை.

ஆனா எல்லாத்தையும் ஆஸ்பத்திரி தலையில போட முடியாது. பேக்டரியில ஒருத்தனுக்கு அடிபட்டா "ஏன்டா கவனமா இல்லை"ன்னா முதல்ல கேட்போம்? முதலுதவி பார்ப்போம். கோயில்ல மட்டும் ஏன் விசாரணையில ஆரம்பிக்கிறோம்?

காரணம் கேட்காதீங்க. "சாப்பிட்டீங்களா, நான் பிள்ளையைப் பார்த்துக்கிறேன், கொஞ்சம் உட்காருங்க"ன்னு சொல்லுங்க. வீட்டுல நல்லா இருக்குற இன்னொரு பிள்ளையையும் விசாரிங்க. அதை யாரும் கேட்கிறதில்லை.

அந்த அக்கா இதைப் படிச்சா, வெள்ளிக்கிழமை வாங்க. பொங்கல் தனியா எடுத்து வைக்கிறேன். வேணுமா வேணாமான்னு தம்பியே சொல்லட்டும். இந்தத் தடவை நான் கேட்டுக்கிறேன்.