வெயிலுக்கும் கட்டணமா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவர். மகளைக் கீழே ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மடியிலிருந்து ரசீதை எடுத்து நீட்டி, "இதுல எது எதுக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார். விளையாட்டுக்கு, நூலகத்துக்கு, பரீட்சைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இம்புட்டும் அவ படிப்புக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த ரசீதில் இன்னொரு வரி சேர்க்கலாம் என்று இப்போது சில மேதாவிகள் யோசனை சொல்கிறார்கள். கல்லூரிக் கூரையில் சோலார் பேனல் வைக்க வேண்டுமாம். அதற்கு மாணவர்களிடம் சிறு கட்டணம் வசூலிக்கலாமாம். "அமெரிக்காவில் செய்கிறார்களே!" என்பது அவர்கள் கையிலுள்ள பிரம்மாஸ்திரம்.

செய்தது உண்மை. 2000இல் கொலராடோ சர்வகலாசாலையின் போல்டர் வளாகத்து மாணவர்கள் பருவத்துக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்துக் காற்றாலை மின்சாரம் வாங்க முடிவு செய்தார்கள். 2007இல் பெர்க்கிலி மாணவர்கள் இதுபோன்ற பசுமைக் காரியங்களுக்கென்று பருவத்துக்கு ஐந்து டாலர் கொடுக்க ஒப்பினார்கள். ஆனால் நம் மேதாவிகள் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறார்கள். அங்கே மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். இங்கே பல கல்லூரிகளில் மாணவர் தேர்தலே கிடையாது. கேட்டு வாங்குவது காணிக்கை; கேளாமல் பிடுங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

சூரிய மின்சாரத்துக்கு நான் விரோதி அல்லன். அது லாபமான காரியம் என்பதாலேயே இந்தக் கட்டணத்தை எதிர்க்கிறேன். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். வருஷத்துக்கு 1,460 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்ட முதல் 50,000 என்றாலும் ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். பேனலின் ஆயுளோ 25 வருஷம். மாணவி இருப்பது மூன்றே வருஷம். முதலை அவள் போடுவாள். அவள் போன பிறகு மின் கட்டண மிச்சத்தைக் கல்லூரி அனுபவிக்கும். இது எந்த ஊர் வியாபாரம்?

"பாட்டன் வைத்த புளியமரத்தில் பேரன் பழம் உலுக்குவதில்லையா? வருங்காலத்துக்காக ஒரு தியாகம்!" என்பார்கள். பாட்டன் தன் நிலத்தில், தன் இஷ்டத்தில் வைத்தான் ஐயா. சத்திரத்தில் மூன்று நாள் தங்கியவனிடம், சத்திரத்துக்குத் தோப்பு வைக்கப் பணம் கேட்டானா?

"ஏழைகளுக்கு உதவித்தொகை வருமே" என்பது அடுத்த சமாதானம். வரும். ஆனால் கட்டணம் கட்டும் தேதி அதற்கு முன்னால் வந்துவிடும். இடைப்பட்ட நாட்களுக்குத்தான் மலையில் சாமையும் ஆடும் கைமாறுகின்றன.

அதே ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. 1986இல் திறந்து, வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்கள். ராத்திரி நட்சத்திரத்தைப் பார்க்க வைத்த அந்தக் கண்ணாடிக்குப் பொதுப்பணம் இருந்தது. எந்த மாணவனையும் பணம் கேட்கவில்லை. அதைப் போற்றுகிறேன். பகல் சூரியனைப் பிடிக்கும் பேனலுக்கு மட்டும் மாணவியின் சுருக்குப்பையைத் தேடுவானேன்? சொந்த வீட்டுக்காரர் கூரையில் பேனல் வைக்க, 2024இல் தொடங்கிய திட்டத்தின்படி மத்திய சர்க்கார் 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கிறது. ஏழைகள் படிக்கும் கூரைக்கும் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் கல்லூரி கடன் வாங்கி, மின் கட்டண மிச்சத்திலேயே அடைக்கட்டும். கம்பெனிக்காரனே தன் செலவில் பேனல் வைத்து, யூனிட் கணக்கில் விற்கும் ஏற்பாடும் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கட்டணம் வேண்டும் என்றால், மாணவர்களிடம் ஓட்டுக் கேளுங்கள். எந்த வருஷத்தோடு நிற்கும் என்று எழுதிக் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பரீட்சைக் கட்டணத்தில் கழியுங்கள். இவற்றுக்குச் சம்மதமில்லையென்றால் பசுமை, தியாகம் என்ற பெரிய வார்த்தைகளை விட்டுவிடுங்கள்.

அடுத்த வருஷமும் அந்தப் பெரியவர் ரசீதை யாரிடமாவது நீட்டுவார். "இம்புட்டும் அவ படிப்புக்குத்தானா?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவன் தயங்காமல் ஆமாம் என்று சொல்லும்படி இருக்கட்டும் அந்த ரசீது.